வீட்டுக்கார அக்காவுக்கு வந்த இரண்டு அழைப்புகள்

காலை எட்டு மணி இருபத்திரண்டு நிமிடம். இரும்புலியூரில் நான் வாடகைக்கு இருந்த மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது முதலில் தெரிந்தது, கீழே வாசலில் கிடந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த பச்சை ரப்பர் குழாய். அதைப் போட்டுவிட்டு வீட்டுக்கார அக்கா இடுப்பில் கை ஊன்றிப் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"யோவ், பொண்ணு குடுக்க விசாரிக்கிறியா, இல்ல சட்டைக் கடை வெக்கப் போறியா? அந்தத் தம்பிகிட்ட எத்தினி சட்டை கீதுன்னு நான் இன்னா எண்ணிக்கினா இருக்கேன்?"

எதிர்முனையில் இருந்தவர் பெண்ணின் அப்பா அல்ல, எஃப்.எம். தொகுப்பாளர். ஆட்களைப் போனில் ஏமாற்றி, ஊரைச் சிரிக்க வைக்கும் காலை நிகழ்ச்சி அவருடையது. யாரை ஏமாற்றலாம் என்று நேயர்களே எண் கொடுப்பார்கள். அக்காவின் எண்ணைக் கொடுத்தவன் நான். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. மாப்பிள்ளை எப்படி என்று பெண் வீட்டார் வீட்டுக்காரரிடம் விசாரிப்பது வழக்கம் என்பதையும் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் ஒலிபரப்பானது. அப்போதெல்லாம் இஸ்திரி வண்டி, மளிகைக் கடை, ஷேர் ஆட்டோ எல்லாவற்றிலும் அதே நிகழ்ச்சிதான். தெருவை நடந்து கடப்பதற்குள் ஒரு வரியைக்கூடத் தவறவிட முடியாது. இப்போது அதே தெருவில் ஆளுக்கு ஒரு இயர்போன்.

குறட்டை விடுவாரா என்ற கேள்விக்கு, "ஆம்பள தூங்குனா சத்தம் வராம புல்லாங்குழலா வரும்?" என்று அக்கா சொன்னது தாம்பரம் மார்க்கெட் வரை போயிருந்தது. காய்கறிக்காரர் அவரைப் பார்த்ததும், "இன்னாக்கா, சட்டை எண்ணியாச்சா?" என்பார். அக்காவுக்கு அதில் பெருமைதான்.

அடுத்த வாரம் ஒரு மாலை, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்தார்.

"தம்பி, மறுபடியும் பண்ணானுங்க! இந்தத் தபா நான் ஏமாறல. அவனுக்கு ஏற்கெனவே ரெண்டு பொண்டாட்டி, ஒருத்தி குரோம்பேட்டையில கீறா, இன்னொருத்தி கோச்சுக்கினு போய்ட்டான்னு வுட்டேன் பாரு! 'ரொம்ப நன்றிம்மா'ன்னு வெச்சிட்டான்."

எண்ணைக் காட்டச் சொன்னேன். தரகர் கொடுத்த ஜாதகத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்த அதே எண். கூடுவாஞ்சேரிப் பெண்ணின் அப்பா. முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பெண்ணைக் கோயிலில் பார்த்துப் பேசியிருந்தேன். பிடித்திருக்கிறது என்று இரண்டு பேருமே வீட்டில் சொல்லியிருந்தோம்.

விஷயம் புரிந்ததும் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அய்யோ, நானே நேர்ல வந்து சொல்றேன் தம்பி" என்றார்.

மறுநாள் காலை ரயிலில் என்னோடு வந்தார். பெண்ணின் அப்பா முன்னால் நின்று, ரேடியோவில் வந்ததை இரண்டு குரலிலும் அப்படியே பேசிக் காட்டினார். சட்டைக் கடை வந்ததும் உள் அறையில் ஒரு பெண் குரல் சிரித்து, சட்டென்று நின்றது. அப்பா சிரிக்கவில்லை.

"சார், தம்பி தங்கமான புள்ள சார். தப்பு என்னோடது" என்றார் அக்கா.

"இல்ல, என்னோடது" என்றேன் நான்.

"நாங்க ரேடியோ கேக்கறதில்லம்மா. காபி சாப்பிடுங்க" என்றார் அவர்.

சாப்பிட்டோம். ஆவணியில் அந்தப் பெண்ணுக்கும் செங்கல்பட்டு மாப்பிள்ளை ஒருவருக்கும் கல்யாணம் நடந்தது.