அம்புக்குறி அழிந்த கல்

சிட்லபாக்கம் கேசவனுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், வாயைப் பூட்டிக்கொள்வார். கத்துகிற மனிதர்களோடு குடித்தனம் நடத்துவது இதைவிடச் சுலபம்.

கல்லூரியில் நிலவியல் விரிவுரையாளர். கூடவே முனைவர் பட்ட ஆராய்ச்சி. திரிசூலம் பக்கத்துக் குவாரி ஒன்றில் கறுப்புப் பட்டையாக ஓடிய ஒரு பழைய பாறைமேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். மக்னீசியமும் இரும்பும் மிகுந்த பாறை. பூமியின் ஆழத்தில் குழம்பாக இருந்து உறைந்தது. அப்படி உறையும்போது கனமான குரோமைட் மணிகள் அடியில் தங்கிவிடும், சாம்பாரில் பருப்பு தங்குகிற மாதிரி. ஆகவே குரோமியம் கூடுதலாக உள்ள பக்கம்தான் அந்தக் காலத்து அடிப்பக்கம். அது இன்றும் கீழே இருந்தால் பாறை உறைந்தபடியே கிடக்கிறது. மேலே இருந்தால், என்றோ கண்டங்கள் மோதிக்கொண்டதில் பாறையே குப்புறக் கவிழ்ந்திருக்கிறது. எது என்பதுதான் அவர் ஆராய்ச்சி.

1986இல், குவாரியில் அந்த இடத்துக்கு வெடி வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்து ஓடிப்போய், தேங்காய் அளவு கல் ஒன்றைப் பெயர்த்து வந்தார். பெயர்க்குமுன், இது மேல்பக்கம் என்று காட்ட மெழுகு க்ரேயானால் அதில் ஓர் அம்புக்குறி போட்டார். அடுத்த வாரம் அந்தப் பட்டை முழுக்க ஜல்லியாகிவிட்டது.

"என்னங்க, கல்லையெல்லாம் கொண்டாந்து வீட்டுல வெக்கிறீங்க?" என்றாள் மனைவி சாமுண்டீஸ்வரி.

"இதாம்மா என்னோட ஆயுதம்" என்றார் கேசவன், பெருமை தாங்காமல்.

ஆயுத பூஜை வந்தது. தையல் மிஷினைத் துடைத்து, அரிவாள்மனையைத் தேய்த்தவள், கணவரின் ஆயுதத்தையும் சோப்புத்தூளும் தேங்காய் நாருமாகப் பளபளவென்று தேய்த்தாள். சந்தனம், குங்குமம் வைத்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் நடுநாயகமாக வைத்தாள்.

பொரி கடலை வாங்கிக்கொண்டு வந்த கேசவன் அதைப் பார்த்தார். கல்லைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். அம்பின் தடம் எங்காவது மிஞ்சியிருக்குமா என்று பொட்டையும் சந்தனத்தையும் கழுவித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமாகப் போயிருந்தது.

"என்னாச்சுங்க? தப்பா எதுனா பண்ணிட்டேனா?"

அவர் பதில் சொல்லவில்லை. சாமி முன்னாலிருந்து எடுத்துப்போய்ப் பொட்டை அழித்தாரே என்று அவளுக்கு நெஞ்சு பதறியது. அடுத்த வருஷத்திலிருந்து அவருடைய பொருள் எதையும் அவள் பூஜையில் வைக்கவில்லை.

கல்லைச் சோதித்ததில், ஒரு பக்கம் குரோமியம் நிறைய, மறுபக்கம் கொஞ்சம். அருமையான முடிவு, எந்தப் பக்கம் மேல் என்பதுதான் தெரியாது. "ஏதாவது ஒண்ணு எழுதிடுங்க கேசவன்" என்றார் கைடு. கேசவனுக்கு மனசு வரவில்லை. ஆராய்ச்சி அத்தோடு நின்றுபோனது.

1997இல் வீட்டுக்கு வெள்ளையடிக்க அலமாரியைக் காலி செய்யும்போது, அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சாமுண்டீஸ்வரி கேட்டுவிட்டாள். "அன்னிக்கு ஏங்க பொட்டை அழிச்சீங்க?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் அம்புக்குறியைப் பற்றிச் சொன்னார்.

"தேய்க்கிறப்போ அழிஞ்சிடுச்சு. ஏதோ அடையாளம் போட்டிருக்கீங்களேன்னு, அம்போட முனை இருந்த எடத்துலதாங்க அந்தப் பொட்டை வெச்சேன்."

கேசவன் மெதுவாகக் கேட்டார்: "எந்த எடம்னு ஞாபகம் இருக்கா?"

அவள் வெளிச்சத்துக்குப் போய்க் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அன்னிக்குக் கேட்டிருந்தா விரல் வெச்சுக் காட்டியிருப்பேங்க" என்றாள்.