இல்லாத திரையில் வந்த முகம்

ரெண்டு வருசத்துக்கு முந்தி, ஒரு வெள்ளிக்கிழமை காலமை, திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில நான் வேலை செய்யிற கந்தோரில நடந்தது இது. கடற்தொழில் செய்யிற குடும்பங்களுக்கு உதவுற சின்னக் கந்தோர். கொம்பியூட்டர் எல்லாம் என்ர பொறுப்பு. ஆராவது கூப்பிட்டால், எழும்பிப் போக முந்தியே "என்னத்தை அமத்தினீங்கள்?" எண்டு கேக்கிற ஆள் நான். அவ்வளவு தலைக்கனம்.

கூட்டம் வைக்கிற அறையில ரெண்டு மொனிட்டர் பூட்டின கொம்பியூட்டர் ஒண்டு இருக்கு. எங்கட டெலிபோன் ஒப்பரேற்றர் அக்காவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. மத்தியானத்தில அவ அதிலதான் வேலை பழகுவா. திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்லுற மென்பொருள் ஒண்டும் போட்டு வைச்சிருந்தா. அதால கொம்பியூட்டர் மெதுவாகுது, கழட்டப்போறன் எண்டு நான் ஒரு மாசமாப் புறுபுறுத்துக்கொண்டு திரிஞ்சன். "இருக்கட்டும் தம்பி, அது ஆருக்கும் கரைச்சல் குடுக்காது" எண்டுவா. நான் கழட்டாம விட்டது இரக்கத்தில இல்லை. சும்மா பஞ்சியில, சோம்பலில.

அண்டைக்குச் சல்லிக் கிராமத்தில இருந்து ஒரு தங்கச்சி வந்து அந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்தா. வலை பாத்திட்டு வாறன் எண்டு தனியப் போன புருசன் திரும்பி வரேல்லை. எஞ்சின் பழுதாகி, படகு இழுபட்டு, பதினொரு நாளாத் தகவல் இல்லை. முதல் நாள்தான், ஒரு வெளிநாட்டுக் கப்பல் அவரைத் தூக்கியிருக்கு எண்டு செய்தி வந்தது. பத்தரைக்குக் கப்பலில இருந்து வீடியோவில அழைப்பு எடுப்பினம். அது கந்தோர்க் கணக்குக்குத்தான் வரும். அந்தக் கணக்கு அந்த ஒரு கொம்பியூட்டரிலதான் திறந்திருந்தது.

இதுக்கு முந்தியும் ரெண்டு தரம் ஆள் கிடைச்சிட்டார் எண்டு பிழையான கதை வந்து, அந்தப் பிள்ளை நல்லா நொந்துபோயிருந்தா. "இனி ஆர் சொன்னாலும் நம்பமாட்டன் அண்ணா. முகத்தைக் கண்டாத்தான்" எண்டா.

பத்தரைக்குச் சரியா கொம்பியூட்டரில அழைப்பு மணி அடிச்சுது. மவுஸைப் பிடிச்சன். எங்க அமத்துறது? ரெண்டு மொனிட்டரிலயும் அழைப்பு வந்த அடையாளம் ஒண்டுமே இல்லை! சத்தம் மட்டும் கேக்குது. கண்டபடி அமத்திப் பாத்தன். நிண்டுபோச்சுது. "ஏன் அண்ணா எடுக்கேல்லை?" எண்டு அந்தப் பிள்ளை கேட்டா. இன்னொரு தரம்தான் எடுப்பம், பிறகு தொடர்பு கிடைக்காது எண்டு கப்பல்காரர் முதலே சொல்லியிருந்தவை.

திரும்ப மணி அடிச்சுது. கதவடியில ஒப்பரேற்றர் அக்கா.

"ஏன் தம்பி எடுக்காம இருக்கிறீங்கள்?"

"திரையில ஒண்டும் இல்லை அக்கா!"

"திரையில இல்லாட்டி என்ன? தள்ளுங்கோ."

சுவரைத் தடவிக்கொண்டு வந்து கீபோர்ட்டில கையை வைச்சா. மெஷின் குரல் கடகடவெண்டு ஏதோ சொல்லிச்சுது. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடேல்லை. அவ தலையைச் சரிச்சுக் கேட்டு, நாலைஞ்சு தட்டுத் தட்டினா. மணி நிண்டுது. அங்கால ஒரு ஆம்பிளைக் குரல், காஞ்சு வெடிச்ச குரல், "நான்தான்... நான்தான்" எண்டுது.

அந்தப் பிள்ளை கதிரையைப் பின்னால தள்ளிக்கொண்டு எழும்பீட்டா. "இது அவற்ர குரல் இல்லை! ஆரோ ஏமாத்துறாங்கள்!"

"படம் தெரியுதா தம்பி?" எண்டு அக்கா கேட்டா.

"இல்லை அக்கா."

"அப்ப வேற திரையில கிடக்கு. பொறுங்கோ." மூண்டு விசையை ஒண்டா அமத்தினா.

கடவுளே! எங்கயோ கிடந்த முகம் கண்ணுக்கு முன்னால வந்து நிண்டுது. ஒரு நாளும் ஒரு முகத்தையும் கண்டறியாத மனுசி, கடலுக்குள்ள துலைஞ்ச ஒரு மனுசன்ர முகத்தைக் கொண்டுவந்து பொஞ்சாதிக்கு முன்னால வைக்கிறா!

அந்தப் பிள்ளை மொனிட்டரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு, "சாப்பிட்டீங்களே?" எண்டு ஒண்டுதான் கேட்டா. அவர் ஓம் ஓம் எண்டு தலையாட்டினார். ரெண்டு பேரும் அழத் தொடங்கீட்டினம்.

அக்கா என்ர கையைத் தட்டி, "தம்பி, ஆள் எப்பிடி இருக்கிறார்? எனக்கும் சொல்லுங்கோவன்" எண்டு மெல்லமாக் கேட்டா. "கறுத்துப்போனார் அக்கா. தாடி. சொண்டு, உதடெல்லாம் வெடிச்சு..." அக்கா இடையில மறிச்சு, "காணும் தம்பி, போதும். விளங்குது" எண்டா.

எல்லாம் முடிஞ்சாப் பிறகுதான் கண்டன். முதல் நாள் கூட்டத்துக்கு நான் பூட்டின புரொஜெக்டர், பல்ப் எரிஞ்சு பழுதாகி இருட்டாக் கிடக்கு. கேபிள் மட்டும் கழட்டாம கூரையில இருந்து கொம்பியூட்டர் வரைக்கும் தொங்குது. மூண்டாவது திரை ஒண்டு இருக்கெண்டு நினைச்சு, கொம்பியூட்டர் அந்த அழைப்பை அங்க அனுப்பியிருக்கு. பூட்டினதும் நான், மறந்ததும் நான், என்ர மூக்குக்கு முன்னால தொங்கினதைக் காணாததும் நான்.

இப்ப ஆராவது கூப்பிட்டால், நான் என்னத்தை அமத்தினீங்கள் எண்டு கேக்கிறேல்லை. அந்த மென்பொருளைக் கந்தோரில இருக்கிற எல்லாக் கொம்பியூட்டரிலயும் நானே போட்டுவிட்டன். ஆனா அந்த ஒரு மாசத்தில ஏதோ ஒரு நாள் எனக்குச் சுறுசுறுப்பு வந்து அதைக் கழட்டியிருந்தால் எண்டு நினைச்சால், இண்டைக்கும் நெஞ்சு பதறுது. என்ர பஞ்சிக்கு நான் கடவுளிட்ட நன்றி சொன்னது வாழ்க்கையில அந்த ஒரு தரம்தான்.