பதிலுக்குத் தட்டியவர்

இதைக் கதை என்று யாராவது சொன்னால் நெய்னா முகம்மது எழுந்து போய்விடுவார். போன நவம்பரில், கலிபோர்னியாவில் வலேஹோ பக்கம் கப்பல் உடைக்கும் யார்டு ஒன்றில், பட்டப்பகலில் அவருக்கே நடந்தது.

பழைய போர்க்கப்பல் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஒரு சினிமா நட்சத்திரம் வாங்கி, பீரங்கி நின்ற இடத்தில் பார் வைத்து, உல்லாசக் கப்பலாக மாற்றிக்கொண்டார். ராத்திரி பகலாகப் பாட்டுதானாம். தூங்கும்போதுகூட நிறுத்த விடமாட்டாராம். பணக்காரக் கிறுக்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். நெய்னா உள்ளே போனதற்கு மறுநாள் அதை வெட்டுவதாக இருந்தது. உள்ளே யாராவது வீடில்லாதவர்கள் ஒண்டியிருக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது நெய்னாவின் வேலை.

ஆளில்லாத இடத்தில் நுழைந்தாலும் ஸலாம் சொல்வது அவர் வழக்கம். மனைவி தாஜ் நிஷா மவுத்தான பிறகு ஃப்ரீமான்ட் வீட்டில் அதற்குப் பதில் வருவதில்லை. தாங்க முடியாத வலி அது. கப்பலின் கீழ்த்தளத்தில், சுவரெல்லாம் கண்ணாடி பதித்த நடன அறையிலும் வாய் தானாகச் சொன்னது.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

டக்... டக்... டக்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

“யாரது?”

டக்... டக்... டக்.

ஓடிவிடலாம் என்று திரும்பினார். ஆனால் உள்ளே ஓர் உயிர் மாட்டிக்கொண்டிருந்தால்? அவரும் மூன்று முறை தட்டினார்.

“இருங்க. இதோ வந்துடுறேன்.”

யார்டு மேனேஜர் சபரிநாதன் நம்பவில்லை. பழைய பைப்பில் காற்று அடிக்கிறது, டென்ஷன் ஆகாதீர்கள் என்றார்.

“திறந்து பாக்காம நான் சைன் பண்ண மாட்டேன், சபரி.”

கண்ணாடியைக் கழற்றினார்கள். பின்னால், வெல்டிங் வைத்து மூடிய இரும்புக் கதவு. வெட்டித் திறந்தார்கள். உள்ளே ஒரு சிறிய அறை.

யாரும் இல்லை.

எங்கும் துரு. கதவின் உட்புறத்தில் மட்டும், கை எட்டும் உயரத்தில், சின்னச் சின்னப் பள்ளங்கள். அவற்றில் துரு இல்லை. பளபளவென்று... புதிதாக.

பிறகு சத்தமே வரவில்லை.

அந்தக் கப்பலில் மாலுமியாக இருந்த ஒருவரின் மகள் பிற்பாடு சொன்னாள். போரில் அடிபட்டபோது, கப்பல் மூழ்காமலிருக்க, தண்ணீர் புகுந்த அந்த அறையை வெளியிலிருந்து பூட்டினார்களாம். உள்ளே இரண்டு பேர். விடிய விடியத் தட்டியிருக்கிறார்கள். பதிலுக்கு யாரும் தட்டக்கூடாது என்று உத்தரவு. தட்டினால் திறக்கத் தோன்றிவிடும்.

கரைக்கு வந்து, பிணங்களை எடுத்த பிறகுதான் கதவை வெல்டிங் வைத்தார்கள். தட்டல் நிற்கவில்லை. அந்த ஓயாத பாட்டு அதற்குத்தான்.

“இத்தன வருஷமா ஒருத்தர்கூடப் பதில் சொல்லலையே” என்று நெய்னா அழுதார்.

அன்று வீட்டுக் கதவைத் திறந்து ஸலாம் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காது கொடுத்தபடி வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.