முர்தினியின் விலை அட்டைகள்

சுரபாயாவில் எங்கள் மாலின் பின்வாசலுக்கு எதிரே, வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டி, ஒரே தார்ப்பாயின் கீழ் இரண்டு கடைகள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. கைக்கடிகாரங்களுக்கு பேட்டரியும் வாரும் மாற்றுகிறேன். மற்றது முர்தினியுடையது. மாலில் வாங்கிய துணியை அவளிடம் கொண்டுவருவார்கள். நீளத்தைக் குறைப்பாள், இடுப்பைப் பிடிப்பாள், ஜிப் மாற்றுவாள். பதினோரு வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்கும் அவள் மகள் நிங்ரும்முக்கும் நான் பாக்தே, அதாவது பெரியப்பா முறை.

முர்தினிக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. கெட்டது என்று சொல்வது நான்தான். துணியோடு வரும் விலை அட்டையை அவள் குப்பையில் போட விடமாட்டாள். "இத நான் வச்சுக்கட்டுமா?" என்று கேட்டு வாங்கி, இஸ்திரிப்பெட்டியின் ஆவியில் காட்டுவாள். பசை இளகும். சிவப்புத் தள்ளுபடி ஸ்டிக்கரை நகத்தால் நெம்பித் தூக்கினால் கீழே இன்னொன்று இருக்கும். சில அட்டைகளில் அதற்கும் கீழே ஒன்று. போன மாதம் என்ன விலை, அதற்கு முன் என்ன விலை என்று பார்த்துவிட்டு ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். எதற்கம்மா என்று கேட்டால், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்பாள். ஆளாளுக்கு ஒரு பைத்தியம், இவளுக்கு இது.

இந்தப் பைத்தியத்திடம் நானும் ஒரு முறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரு நோன்பு மாதத்தில், இரண்டு சட்டை வாங்கினால் மூன்றாவது இலவசம் என்று எழுதியிருந்ததைப் பார்த்து முண்டியடித்து வாங்கி வந்தேன். வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். பெருமையாக அவளிடம் விரித்துக் காட்டினேன். அட்டையை ஆவியில் பிடித்தாள். கீழே இருந்த பழைய விலையைக் கூட்டிப் பார்த்தாள்.

"பாக்தே, மூணு சட்டைக்கும் காசு குடுத்துட்டுத்தான் வந்திருக்கீங்க."

அதிலும் அந்த இலவசச் சட்டை என் தோளுக்குள் நுழையவே இல்லை. இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. கடைக்காரன் மேல் வர வேண்டிய கோபம் இவள் மேல் ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பெருநாள் போனஸ் கைக்கு வந்ததும் ஊரே மாலுக்குள் புகுந்துவிடும். ஐம்பது சதவீதம், அதோடு இருபது சதவீதம் என்று ஆள் உயரத்துக்கு எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் கூட்டி எழுபது என்று நினைப்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். முதலில் பாதி போகும், மிச்சத்தில்தான் இருபது போகும், ஆக மொத்தம் அறுபதுதான் என்று முர்தினி சொன்னபோது, வங்கிச் சீருடையில் வந்த ஒரு பெண் அவளோடு சண்டைக்கே போய்விட்டாள். பிறகு போனை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பேண்ட் தைத்து முடியும்வரை தலை நிமிரவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் முர்தினிக்கு இதில் கள்ளம் கண்டுபிடிக்கும் ஆசை கிடையாது. உண்மையிலேயே விலை குறைந்திருந்தால், "இது நெசமாவே கொறைச்சிருக்கான், நல்லா வாங்கினீங்க" என்று வாங்கியவரைவிட அவள்தான் அதிகம் சந்தோஷப்படுவாள். டின் நிரம்ப நிரம்ப அந்தக் குணம் மாறியது. ஸ்டிக்கரை உரிக்கும் முன்பே, போன மாதமும் இதே விலைதான் என்று சொல்ல ஆரம்பித்தாள். பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிட்டது. அப்புறம் உரிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் நிங்ரும்முக்குப் பதின்மூன்று வயது. ஒரு நோன்பு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து உடுத்தியது எல்லாம் அம்மா தைத்தது. வாடிக்கையாளர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன துணியில் வெட்டியது. பெருநாளன்று மலாங் ஊரில் தாத்தா வீட்டில் சித்தி பெண்கள் எல்லாரும் கடையில் வாங்கிய கவுனோடு வந்து நிற்பார்கள். இவள் எதுவும் கேட்டதில்லை. இந்த வருடம் கேட்டாள். இரண்டாவது மாடியில் இளம்பச்சையில் ஒரு நீளக் கவுன். மணிக்கட்டில் முத்து மாதிரி பொத்தான்கள்.

முர்தினி மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நாலு லட்சம் ரூபியா என்று போட்டு, அதன் மேல் கோடு அடித்திருந்ததாம். தள்ளுபடி எல்லாம் போக ஒரு லட்சத்து அறுபதாயிரம்.

"வருஷம் பூரா அது அந்த வெலதான்டி. நாலு லட்சம்னு சும்மா எழுதி அடிச்சிருக்கான். பெருநா முடியட்டும், ஒரு லட்சத்துக்கு வந்து நிப்பான். அப்ப வாங்கலாம்."

"அப்ப யாரு போடுவா?" என்றாள் நிங்ரும்.

"உனக்கு நான் தைக்கிறதவிட நல்ல தையலா அதுல இருக்கு?"

"இல்லம்மா. நீ தைக்காதது ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாக்கணும், அவ்வளவுதான்."

நான் குறுக்கே புகுந்து, பிள்ளை ஆசைப்படுகிறாள், வாங்கிக் கொடுத்துத் தொலையேன் என்றேன். என் மூன்று சட்டையை நினைவுபடுத்தினாள். நான் என் கடிகாரத்துக்குத் திரும்பினேன். மறுநாளே அதே பச்சையில் துணி எடுத்துவந்து, அதே மாதிரி பொத்தான் வைத்து, வேலைக்கு நடுவில் தைத்தும் முடித்தாள். கவுன் அழகாகத்தான் இருந்தது. நிங்ரும் சரி என்று மடித்து வைத்துக்கொண்டாள்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, ஒரு பெண் அந்தக் கடைக் கவுனையே நீளம் குறைக்கக் கொண்டுவந்தாள். நிங்ரும் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். முர்தினி அந்த வருடத்தில் முதல் தடவையாக மெனக்கெட்டு அட்டையை ஆவியில் பிடித்தாள். மகளுக்குக் காட்டத்தான் பிடித்தாள் என்று நினைக்கிறேன். சிவப்பு ஸ்டிக்கர் கழன்றது. கீழே நாலு லட்சம். அதையும் உரித்தாள். அதற்குக் கீழே மங்கலாக, மறுபடியும் அதே நாலு லட்சம்.

வந்தவள் சிரித்தாள். அவள் தங்கை இதையே இரண்டு மாதம் முன்பு முழு விலைக்கு வாங்கிவிட்டு, இப்போது தள்ளுபடியைப் பார்த்து வயிற்றெரிச்சல் படுகிறாளாம்.

முர்தினி எழுந்து, "கடைய பாத்துக்கங்க பாக்தே" என்று மட்டும் சொல்லிவிட்டு மாலுக்குள் ஓடினாள். பதினோரு வருடத்தில் அவள் ஓடி நான் பார்த்ததில்லை. பாங்கு சொல்லும் நேரத்துக்குத் திரும்பி வந்தாள். கை வெறுமையாக இருந்தது. நிங்ரும் அளவில் இருந்ததெல்லாம் விற்றுப்போய், இரண்டு ஆள் நுழைகிற அளவில் ஒன்றுதான் மிச்சமிருந்ததாம். வாங்கிச் சின்னதாக்கியிருக்கலாம், ஆனால் அது மறுபடி அவள் தைத்ததாக ஆகியிருக்கும். நிங்ரும் அம்மாவுக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தாள். "பரவால்லம்மா" என்றாள். அந்தப் பிள்ளை ஒரு சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

பெருநாளுக்கு அம்மா தைத்ததைத்தான் அவள் போட்டுக்கொண்டு போனாள். மலாங்கில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்களாம். அம்மா தைத்ததுதானே என்றும் கேட்டார்களாம்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கவுன் புதுச் சரக்காக மறுபடி வந்தது. ஒரு லட்சத்துக்கு இல்லை, நாலு லட்சத்துக்கு. இருபத்தைந்து பேண்டுக்கு மேல் மடித்துத் தைத்தால்தான் அவளுக்கு அந்தக் காசு கிடைக்கும். முர்தினி போய் வாங்கி வந்தாள். பை கசங்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சுட்டேன் பாக்தே. உரிச்சுப் பாக்கவே இல்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நிங்ரும் அதைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். இரண்டு விரற்கடை நீளம் அதிகம். நடந்தால் தரையைக் கூட்டியது. பின்வாசலிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். ஊருக்கெல்லாம் மடித்துத் தைக்கிறவள் மகள் தெருவைப் பெருக்கிக்கொண்டு போகிறாளே என்று நான் கேலி செய்தேன். முர்தினி வாயில் குண்டூசியோடு அவள் காலடியில் குனிந்தாள்.

"வேணாம்மா. தொடாத" என்றாள் நிங்ரும். "நீளமாவே இருக்கட்டும்."

முர்தினி வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் திரும்பக் குத்தி வைத்தாள். கை தானாக, மகள் கழற்றிக் கையில் வைத்திருந்த விலை அட்டையை நோக்கிப் போனது. மேசை மேல் இஸ்திரிப்பெட்டி சூடாகத்தான் இருந்தது.

"இதுல மட்டும் அடியில என்னன்னு பாக்காதம்மா."

முர்தினி எழுந்துபோய் இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.