துளசிக்குப் பக்கத்தில் வைத்த செடி

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. நடந்தது முன்பின்னாக மறந்தும் போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் வேலை செய்யும் வீட்டு அம்மா மகளைப் பார்க்க வெளிநாடு போகும்போது, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு தொட்டியைக் கொடுத்தார். வேர்விட்ட சின்னக் கிளை. சேஜ் என்கிற மூலிகை வகையாம். ஏதோ தூர தேசத்து மலைச்சனங்கள் சாமி காரியத்துக்கு வளர்ப்பதாம்.

"இதுக்கு விதை கிடைக்காது ஆயா. போச்சுன்னா போச்சு. நிழல்ல வைங்க."

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டில் நிழல் என்றால் கக்கூஸ் சுவரோரம்தான். சாமிச் செடியை அங்கே வைக்க மனசு வரவில்லை. மாடியில் துளசிக்குப் பக்கத்தில் வைத்தேன். மழைக்காலம், முழங்கை உயரம் வளர்ந்தது.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி கேட்காமல் நுனியை ஒடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ, திட்டிவிட்டேன். அவளும் கன்னடம் கலந்த தமிழில் திருப்பிக் கொடுத்தாள்.

"சும்னே கத்தாதக்கா. கேட்டு வாங்கினா வேர் புடிக்குமா? நீ மட்டும் என்ன, என் ரோஜாவைக் கேட்டா ஒடிச்ச?"

அதுவும் உண்மைதான். எங்கள் சந்தில் எல்லாரும் அப்படித்தான்.

அப்புறம் வெயில் வந்தது. இலை கருகியது. கீழே இறக்கலாமா, சாமிக்கு ஆகாதா என்று நான் குழம்பிய நாலு நாளில் தண்டும் காய்ந்துவிட்டது.

அவள் வீட்டுக் கக்கூஸ் ஓரம், பெயின்ட் வாளியில், என் செடி தளதளவென்று நின்றது. திட்டிய வாயால் கேட்கக் கூச்சம். அவள் இல்லாத நேரம் ஒரு கிளையை ஒடித்துவந்து டம்ளர் தண்ணீரில் போட்டேன். வெள்ளை வேர் விட்டது. தொட்டியில் நட்டு, இந்தத் தடவை சுவரோரமே வைத்தேன்.

நேற்று அவள் எட்டிப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கேக்கா. எதை ஒடிச்ச? உன் சாமிச் செடியவா, என் கோலியஸ் செடியவா?"

"வாளியில ஒண்ணுதானே இருந்தது?"

"ரெண்டு வெச்சேன். எது எதுன்னு இப்ப எனக்கே தெரியல, போ."

போய்ப் பார்த்தேன். இரண்டுக்கும் தண்டு சதுரம், இலையோரம் பல் பல்லாக. எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது. அவளிடம் கேட்டு, இரண்டிலும் ஒவ்வொரு கிளை வாங்கி வந்தேன். கேட்டு வாங்கியது, வேர் பிடிக்குமோ என்னவோ.

அம்மா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். எந்தச் செடியை அவர் கையில் கொடுப்பேன்? செடி தெரிந்தவர்கள் யாராவது வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். தண்டு, இலை பற்றி நான் எழுதியதும் சரிதானா என்று பாருங்கள்.