லீவுக்குத் தேர்ந்தெடுத்த புத்தகம்

கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் வாசிகசாலை விஜயலெட்சுமியின் பொறுப்பில் இருக்கிறது. வாசிகசாலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பழைய மருந்துக் காம்பராவுக்கு வெள்ளையடித்து, உட்கார இரண்டு வாங்கும் ஓர் அலுமாரியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உயர்தரம் வரை படித்தவள் லெட்சுமி. கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தாள், கல்யாணம் கட்டினாள், அது சரிவராமல் முப்பத்தைந்து வயதில் அப்பாவின் காம்பராவுக்கே திரும்பி வந்தாள். "படிச்சு என்னத்தக் கிழிச்சா?" என்று லயத்து வரிசை வீடுகளில் பேசுவது அவள் காதிலும் விழும். விழாமல் எப்படி? லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை போவதில்லை. ஒரு வீட்டில் முணுமுணுத்தால் கோடி வீடு வரை கேட்கும். ஒளித்துப் புறம் பேச வழியில்லாத ஊர் அது.

போன வருஷம் ஆகஸ்ட் லீவுக்கு முன்பு ஒரு தொண்டு நிறுவனம் வாசிகசாலைக்காரர்களைப் பண்டாரவளைக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தது. கொழும்பிலிருந்து வந்த அம்மா ஒருவர் பேசினார். எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்தில் தங்களைப் பார்க்க வேண்டும், எல்லா மதமும் எல்லா மொழியும் வர வேண்டும், நடக்க முடியாத பிள்ளை வர வேண்டும், காது கேட்காத பிள்ளை வர வேண்டும், அப்படிப் பார்த்து லீவுக்குப் புத்தகம் வாங்குங்கள் என்றார். மற்றவர்கள் பகல் சாப்பாடு எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெட்சுமிக்கு மட்டும் அந்தப் பேச்சு நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. அவள் படித்த காலம் முழுக்க ஒரு புத்தகத்திலும் லயத்துப் பிள்ளை வந்ததில்லை. மாடி வீட்டில் இருந்தார்கள், கடற்கரையில் பட்டம் விட்டார்கள். மலைநாடு என்று ஒரு பாடம் வந்தால் அதில் உதட்டுச் சாயம் பூசிய ஒரு பெண் கூடையோடு சிரித்துக்கொண்டிருப்பாள். அட்டை கடித்த காலோடு யார் அப்படிச் சிரிப்பார்கள் என்று வரைந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

அவளுக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. இரண்டு காம்பரா தள்ளி இருக்கும் இராக்கம்மாவின் மகள் கிருஷாந்திக்குப் பதினான்கு வயது. அப்பா இல்லை. வாசிகசாலையில் இருந்த அத்தனையையும் வாசித்து முடித்துவிட்டு, மருந்துக் காம்பராக் காலத்துச் சுவரொட்டிகளையும் வாசித்தவள். அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பச் சொல்லி ஹல்துமுல்லைத் தரகர் ஒருவர் நடையாய் நடந்துகொண்டிருந்தார். "எம் புள்ள படிக்கட்டும்" என்று இராக்கம்மா பிடிகொடுக்காமல்தான் இருந்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் குரல் கொஞ்சம் இறங்கிக்கொண்டு வந்தது. லீவில்தான் பிள்ளைகள் காணாமல் போவார்கள் என்பது லெட்சுமிக்குத் தெரியும். பாடசாலை திறக்கும்போது ஒரு கதிரை காலியாக இருக்கும், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். இந்த ஒரு லீவைத் தாண்டவைத்துவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

பண்டாரவளையில் தங்கராஜாவின் புத்தகக் கடையில் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். பெருநாளுக்குச் சட்டை தைக்கும் முஸ்லிம் சிறுமி கிடைத்தாள். சக்கர நாற்காலியில் கிரிக்கெட் ஆடும் பையன் கிடைத்தான். சிங்களமும் தமிழும் ஒரே பக்கத்தில் உள்ள படக்கதை கிடைத்தது.

"முதலாளி, தோட்டத்துப் புள்ளைங்க வர்ற புத்தகம் இருக்கா?"

"தோட்டத்துப் புள்ளைங்க கடைக்கே வர்றதில்ல. புத்தகத்துக்குள்ள எங்கருந்து வருவாங்க, மிஸ்?" என்று சிரித்தார் தங்கராஜா. சிரித்தாலும் மனுஷர் உள்ளே போய்த் தூசி தட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்.

அட்டையிலேயே லயம். தகரக் கூரை, கூரைமேல் பறக்காமலிருக்க வைத்த கல், வாசலில் வாளி. லெட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸில் ஊர் போய்ச் சேருமுன் முழுவதையும் வாசித்தாள். லயத்துச் சிறுமி ஒருத்தி கொழும்பில் வீட்டு வேலைக்குப் போகிறாள். அந்த வீட்டு எஜமானியான நோனா தங்கமானவள். சிறுமி களவாகப் பத்திரிகை வாசிப்பதைப் பார்த்து மனம் இளகி, அவளைப் பாடசாலையில் சேர்க்கிறாள். சிறுமி படித்து ஆசிரியையாகித் தன் தோட்டத்துக்கே திரும்பி வருகிறாள். இப்படி ஒரு நோனா எங்கே இருக்கிறாள் என்று லெட்சுமிக்கு ஒரு நிமிஷம் இடறத்தான் செய்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் சேலை கட்டிக் கரும்பலகை முன்னால் நிற்கும் படம் அவளை வேறெதையும் யோசிக்க விடவில்லை. நம் பிள்ளையும் புத்தகத்தில் வந்துவிட்டாள் என்ற சந்தோஷம் அது. பசித்தவளிடம் போய்ச் சோற்றில் கல் இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வாள்?

அதை முதலில் கிருஷாந்தியிடம்தான் கொடுத்தாள்.

"இது நம்ம கதை. நம்ம லயத்துல நடக்கிறது. வாய்விட்டு வாசி, எல்லாரும் கேக்கட்டும்" என்றாள்.

வாய்விட்டு வாசிப்பது லெட்சுமியே கண்டுபிடித்த வழி. புத்தகம் ஒன்று, ஆள் நிறைய. ஒரு பிள்ளை பொழுதுசாய விளக்கடியில் உட்கார்ந்து வாசித்தால், சுவருக்கு மேலால் அந்த லயமே கேட்கும். கொழுந்தெடுத்து வந்து ரொட்டி சுடுகிறவர்கள் கை ஓயாமல் கேட்பார்கள். கிருஷாந்திக்கு நல்ல குரல். அவள் வாசித்தபோது கோடி வீட்டில் ரேடியோவைக்கூட அணைத்தார்கள். நோனா சிறுமிக்குப் பாடசாலைச் சட்டை தைத்துக் கொடுக்கும் இடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். லெட்சுமி தன் காம்பராவில் படுத்தபடி, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்தாள். பாவம்.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன் இராக்கம்மா கூடையோடு வந்து வாசலில் நின்றாள்.

"தங்கச்சி, அந்த நோனா வீடு கொழும்புல எந்தப் பக்கம்?"

லெட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, அது கதை. யாரோ மனசால எழுதுனது."

"நம்ம லயத்துல நடக்கிறதுன்னு நீதான சொன்ன? எம் புள்ள ராத்திரி முழுக்க அதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. தரகரும் அப்படித்தான் சொன்னாரு, நல்ல வீடு, படிக்க வைப்பாங்கன்னு. நாந்தான் பொய்யின்னு வெரட்டிக்கிட்டு இருந்தேன்."

"அந்தாளு சொல்றது பொய்தாங்க்கா."

"அவரு பொய் சொல்லுவாரு. புத்தகம் பொய் சொல்லுமா?" இராக்கம்மா கோபமாகக் கேட்கவில்லை. எழுத்துத் தெரியாதவள் எழுத்தின்மேல் வைத்திருக்கிற மரியாதையோடு கேட்டாள். அந்த மரியாதையை ஊட்டி வளர்த்ததே லெட்சுமிதான். படிப்பு பெரிது, புத்தகம் பெரிது என்று லயம் லயமாகச் சொல்லித் திரிந்தவள் அவள். இப்போது அதே வாயால் எதைச் சொல்வது? பதினாறு வயது வரை பாடசாலைக்கு அனுப்ப வேண்டுமென்று சட்டம் இருக்கிறது என்றாள். அங்கேயும் பாடசாலைக்குத்தானே போகப்போகிறாள் என்றாள் இராக்கம்மா.

கிருஷாந்தியைத் தனியாக அழைத்துப் பேசிப் பார்த்தாள். அவள் முகம் வெளிச்சமாக இருந்தது.

"நான் படிச்சிட்டு இங்கயே வருவேன் சித்தி" என்றாள் பிள்ளை. அந்த வாரமே தரகரோடு பஸ் ஏறினாள்.

லெட்சுமி சும்மா இருக்கவில்லை. சிறுவர் விவகாரம் பார்க்கும் அதிகாரியிடம் போனாள். அவர் வந்து விசாரித்தார். பிள்ளை கொழும்பு கொட்டாஞ்சேனையில் அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று தரகர் சொல்லிக்கொடுத்தபடியே இராக்கம்மா சொன்னாள். நல்ல காரியத்துக்குச் சொல்லும் பொய் என்று நம்பித்தான் சொன்னாள். தரகரின் போன் நம்பர் கொஞ்ச நாளில் வேலை செய்யாமல் போனது.

ஒக்டோபரில் ஒரு புதன்கிழமை காலை லெட்சுமியின் போன் அடித்தது.

"சித்தி, கிருஷாந்தி."

"எப்படிம்மா இருக்க? இந்நேரம் ஸ்கூல்ல இருக்கணுமே?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அம்மா கேட்டா ஸ்கூலுக்குப் போறேன்னு சொல்லிருங்க சித்தி. அதுக்குத்தான் எடுத்தேன்."

"நீ எங்க இருக்கன்னு சொல்லு. நான் வந்து கூட்டிட்டு வாறேன்."

"எனக்கு எடம் தெரியாது சித்தி. வெளிய விடமாட்டாங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. அதுதான் அனுப்புனுச்சு, தாங்காது."

வைத்துவிட்டாள். லெட்சுமி திரும்ப அழைத்தபோது ஓர் ஆண்குரல் சிங்களத்தில், அப்படி யாரும் இங்கே இல்லை என்றது. லெட்சுமி அந்த நம்பரை அதிகாரியிடம் கொடுத்தாள். பார்க்கிறோம் என்றார். அவர் பார்க்கமாட்டார் என்றில்லை. அவருடைய மேசையில் இப்படி எத்தனையோ நம்பர்கள் கிடந்தன.

இராக்கம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று லெட்சுமி பகல் முழுக்க மனதைத் தேற்றினாள். பின்னேரம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு மழையில் நனைந்தபடி வந்தாள் இராக்கம்மா. கையில் விரலெல்லாம் வெடித்து, கறை ஏறியிருந்தது.

"கோடி வீட்டுல அரையுங்கொறையுமா கேட்டாங்களாம், புள்ள பேசுச்சாமே?"

"பேசுச்சுக்கா."

"ஸ்கூலுக்குப் போகுதாமா?"

லெட்சுமி அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாக்கை அவிழ்க்க உதவினாள்.

"போகுதாம்."

"எத்தனையாம் வகுப்பாம்?"

"பத்து" என்றாள் லெட்சுமி.