தெரியாத எண்

ராஜபாளையத்தில் பேருந்து ஏறினேன். பக்கத்தில் இருந்தவருக்குப் பெரிய நரைத்த மீசை. எந்த அழைப்பு வந்தாலும் உடனே எடுத்தார். கடன் தருவதாகப் பேசிய பெண்ணிடம்கூட, "வேண்டாம் தாயி, நல்லா இரு" என்றார்.

எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நான் துண்டித்ததும் அவர் பதறினார்.

"எடுத்துப் பாருங்க அண்ணாச்சி. எம்மவன் பட்டாளத்துல சேந்த மொத வாரம் போனை வாங்கி வச்சுட்டாக. யாரு போன்லயோ கூப்பிட்டிருக்கான். நாந்தான் கட் பண்ணிட்டேன்."

என் பேரனும் ஒரு வாரம் முன்புதான் பட்டாளப் பயிற்சிக்குப் போயிருந்தான். அவன் படிப்பை விட்ட கோபத்தில் நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை.

மறுபடி அதே எண். எடுத்தேன்.

"தாத்தா, இன்னும் கோவமா?"

"இல்லய்யா" என்பதற்குள் குரல் உடைந்தது. அவர் எழுந்து, இறங்குபவர்போலப் படிக்கட்டருகே போய் நின்றுகொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நெரிசலில் அவரைத் தவறவிட்டேன். இப்போதெல்லாம் கடன் தருவதாக அழைக்கும் பெண்களிடம் நானும், "வேண்டாம் தாயி, நல்லா இரு" என்கிறேன்.